மூன்றாம் இடத்தில் வட்டி

கலிபோர்னியா மாநிலச் சட்டத் தொகுப்பில் ஒரு சின்னப் பிரிவு உண்டு. பொதுப்பணத்தை முதலீடு செய்யும் கவுண்டிப் பொருளாளர் எதை முதலில் பார்க்க வேண்டும், எதை அடுத்துப் பார்க்க வேண்டும் என்று அது வரிசை சொல்கிறது. முதலில் அசலுக்குப் பாதுகாப்பு. அடுத்து, வேண்டிய நேரத்தில் பணம் கைக்கு வர வேண்டும். வட்டிக்கு மூன்றாம் இடம்தான்.

படிக்கிறவர்களுக்கு, இதையெல்லாமா சட்டம் போட்டுச் சொல்வார்கள் என்று தோன்றும். ஊர்ப்பணத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடம் அசலைத் தொலைக்காதே என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், யாரோ எங்கோ தொலைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தொலைத்தவர் திருடர் இல்லை. அந்தப் பணத்தில் ஒரு டாலரைக்கூட அவர் தன் பைக்குள் போட்டுக்கொள்ளவில்லை. அவர் வாங்கிய பத்திரங்களில் ஒன்றுகூடப் பணம் தராமல் ஏமாற்றவும் இல்லை. அப்படியும் 164 கோடி டாலர் போயிற்று.

லாஸ் ஏஞ்சலிசுக்குத் தெற்கே, டிஸ்னிலேண்ட் இருக்கும் ஆரஞ்சு கவுண்டியில் நடந்தது இது. கவுண்டி என்பது ஏறக்குறைய நம்மூர் மாவட்டம் மாதிரி. ஆனால் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு வாரியம் உண்டு, தேர்தலில் ஜெயித்து வரும் பொருளாளர் உண்டு. முன்னாள் ஜனாதிபதி நிக்சன் பிறந்தது இங்கேதான். பணக்காரப் பகுதி, அன்று பழமைவாதிகளின் கோட்டை. வரி என்ற பேச்சே ஆகாது.

வரி பிடிக்காத அந்த மனநிலை 1978-இல் மாநிலம் முழுவதற்கும் சட்டமாயிற்று. '13-ஆம் முன்மொழிவு' என்ற பெயரில் கலிபோர்னிய வாக்காளர்கள் சொத்துவரிக்கு உச்சவரம்பு கட்டினார்கள். மதிப்பிட்ட தொகையில் ஒரு சதவீதம்தான் வரி. வீடு கைமாறும் வரை அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. உள்ளாட்சிகளின் சொத்துவரி வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே வீச்சில் போயிற்று. சாலை வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், நூலகம் வேண்டும், வரி மட்டும் வேண்டாம் என்றால் பணம் எங்கிருந்து வரும்? கஜானாவில் சும்மா கிடக்கும் பணத்தைக் கொஞ்சம் கூடுதலாக உழைக்கவிடலாம் என்ற யோசனை பிறந்தது. பொது அமைப்புகள் கையாளக்கூடிய முதலீட்டு முறைகள் சட்டத்தில் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பத்திரங்களை ஈடுவைத்துக் கடன் வாங்கி மேற்கொண்டு முதலீடு செய்யும் வழியும் திறந்தது. அதற்காக வாதாடியவர்களில் ஒருவர் ஆரஞ்சு கவுண்டியின் பொருளாளர் ராபர்ட் சிட்ரன்.

சிட்ரன் விசித்திரமான மனிதர். பட்டப்படிப்பை முடிக்கவில்லை. குடியரசுக் கட்சிக் கோட்டையில் ஜனநாயகக் கட்சிக்காரராக நின்று, 1970 முதல் தேர்தலுக்குத் தேர்தல் ஜெயித்துக்கொண்டிருந்தார். படிப்பை முடிக்காமல் விட்ட பல்கலைக்கழகத்தின் மேல் அவருக்கு அப்படி ஒரு பற்று. காரின் ஹாரன்கூட அதன் போர்ப்பாட்டைத்தான் இசைத்தது. டர்க்காய்ஸ் கல் நகைகளில் ஆசை. ஆடம்பர வாழ்க்கை என்று எதுவும் கிடையாது. வட்டி விகிதம் எப்படிப் போகும் என்று தபாலில் ஒரு ஜோதிடரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகு விசாரணையில் வெளிவந்தது. ஜோதிடத்தைச் சொல்லிச் சிரிக்கிற பத்திரிகைகள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. என்னைக் கேட்டால் அது பெரிய விஷயமே இல்லை. அதே ஆண்டுகளில் வட்டி ஏறாது என்று நம்பிப் பணம் போட்ட பட்டம் பெற்ற நிபுணர்களும் ஏராளம்.

அவர் செய்தது என்ன? கவுண்டியின் பணத்தோடு நகராட்சிகள், பள்ளி மாவட்டங்கள், குடிநீர் வாரியங்கள் என்று ஏறக்குறைய 190 பொது அமைப்புகளின் பணமும் ஒரே தொகுப்பில் இருந்தது. மொத்தம் சுமார் 760 கோடி டாலர். இதைக் கொண்டு மத்திய அரசு சார்ந்த நிறுவனங்களின் கடன் பத்திரங்களை வாங்கினார். நல்ல தரமான பத்திரங்கள். பிறகு அந்தப் பத்திரங்களை வால் ஸ்ட்ரீட் நிறுவனங்களிடம் ஈடாகக் கொடுத்துக் குறுகிய காலக் கடன் வாங்கினார். கடனில் இன்னும் பத்திரம். அதை ஈடுவைத்து இன்னும் கடன். நகையை அடகு வைத்து, வந்த பணத்தில் இன்னொரு நகை வாங்கி, அதையும் அடகுக் கடைக்கே கொண்டுபோகிற மாதிரி. அமெரிக்காவில் இதன் பெயர் ரிவர்ஸ் ரெப்போ. நம்மூர்ச் செய்திகளில் அடிபடும் ரெப்போ, அதாவது வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்குவது, இதே வேலைதான். எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதில்தான் பெயர் மாறுகிறது. இப்படி 760 கோடி, 2,000 கோடி டாலருக்கு மேற்பட்ட முதலீடாகப் பெருகியது.

குறுகிய காலக் கடனுக்கு வட்டி குறைவு, நீண்ட காலப் பத்திரத்துக்கு வட்டி கூடுதல். இடைவெளி அத்தனையும் லாபம். போதாததற்கு, சந்தை வட்டி இறங்கினால் கூடுதலாகவும் ஏறினால் குறைவாகவும் கொடுக்கும் தலைகீழ்ப் பத்திரங்களிலும் ஒரு பெரும்பங்கைப் போட்டார். இவற்றில் பெரும்பகுதியை அவருக்கு விற்றது வால் ஸ்ட்ரீட் நிறுவனமான மெரில் லிஞ்ச். வட்டி இறங்கிக்கொண்டே இருந்த காலம் அது, போட்டதெல்லாம் பலித்தது. மாநில அரசின் பொதுத் தொகுப்பு கொடுத்ததைவிட சிட்ரன் எப்போதும் கூடுதலாகவே கொடுத்தார். கவுண்டியின் பொது நிதிக்கு வர வேண்டிய வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த வட்டிதான் என்று கணக்குப் போட்டு 1994-95 பட்ஜெட்டே தயாரானது. மற்ற கவுண்டிகளில் இது சில சதவீதம்தான். வரியும் ஏற்றாமல் வசதியும் குறைக்காமல் காலம் தள்ள வாரியத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? தொகுப்பில் இடம் கொடு என்று வெளியூர் அமைப்புகளும் வந்து நின்றன. இர்வைன் போன்ற சில பள்ளி மாவட்டங்கள் கடன் வாங்கிப் பணம் திரட்டி இதில் கொண்டுவந்து போட்டன. கடன் வாங்கிய பணத்தின் மேல் சிட்ரன் மறுபடி கடன் வாங்கினார்.

இதை ஒருவர் கவனித்தார். 1994 ஜூன் தேர்தலில் சிட்ரனை எதிர்த்து நின்ற ஜான் மூர்லாக் என்ற கணக்காளர், வட்டி ஏறினால் இந்தத் தொகுப்பு பெருநட்டம் அடையும் என்று மேடையில் சொன்னார், கடிதமாகவும் எழுதினார். தேர்தல் நேரத்துப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டார்கள். கவுண்டியின் கடன் தரத்தைக் கெடுக்கிறார் என்று அவர்மேலேயே பழியும் வந்தது. சிட்ரன் சுலபமாக ஜெயித்தார்.

மூர்லாக் சொன்னது அப்போதே நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க மத்திய வங்கி 1994 பிப்ரவரியில் வட்டியை ஏற்றத் தொடங்கி, நவம்பருக்குள் ஆறு தடவை ஏற்றிவிட்டது. 3 சதவீதம் 5.5 ஆயிற்று. வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். ஈட்டின் மதிப்பு இறங்கியதும், கடன் கொடுத்தவர்கள் மேற்கொண்டு பணம் கட்டு என்று கேட்டார்கள். கடனுக்குக் கட்டும் வட்டி ஏறியது, தலைகீழ்ப் பத்திரங்களின் வட்டி இறங்கியது. டிசம்பர் 1-ஆம் தேதி, சுமார் 150 கோடி டாலர் நட்டம் என்று கவுண்டி அறிவித்தது. மூன்று நாளில் சிட்ரன் பதவி விலகினார். டிசம்பர் 6-ஆம் தேதி கவுண்டி திவால் மனு கொடுத்தது. அமெரிக்காவில் அதுவரை எந்த உள்ளாட்சியும் இவ்வளவு பெரிய தொகைக்குத் திவாலானதில்லை. பத்து வருஷம் முன்பு, 1984-இல், அதே மாநிலத்தில் சான் ஹோசே நகரம் பத்திர வியாபாரத்தில் சுமார் 6 கோடி டாலரை இழந்திருந்தது. 1987-இல் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தொகுப்பு இன்னும் பெரிதாக அடிபட்டது. இரண்டும் செய்தியாக வந்து போயின.

இதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி இன்றும் வாதம் உண்டு. திவால் மனுவுக்குப் பிறகு மீதிப் பத்திரங்களை 1995 தொடக்கத்துக்குள் விற்றுத் தீர்த்தார்கள். அந்த ஆண்டே வட்டி மறுபடி இறங்கியது. கையில் வைத்திருந்தால் விலை ஏறியிருக்கும். கவுண்டியிடம் சொத்து இருந்தது, திவாலாக வேண்டிய அவசியமே இல்லை என்று நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் மெர்ட்டன் மில்லர் வாதாடினார். கணக்கில் அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த டிசம்பரில் பள்ளி மாவட்டம் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், நகராட்சி ஒப்பந்தக்காரருக்குப் பணம் தர வேண்டும், கடன்காரன் வாசலில் நிற்கிறான். அடுத்த ஆண்டு விலை ஏறும் என்று காத்திருக்க முடிந்தவனுக்கு இது முதலீடு, முடியாதவனுக்கு நட்டம். சட்டத்தின் வரிசையில் இரண்டாவது இடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த டிசம்பரைக் காட்டினால் போதும்.

1995 ஜனவரியில் மாநில செனட் குழு முன்னால் வந்து உட்கார்ந்த சிட்ரன், தனக்கு இந்தச் சிக்கலான பத்திரங்களில் போதிய பயிற்சி இல்லை, மெரில் லிஞ்ச் சொன்னதை நம்பினேன் என்றார். பிறகு நீதிமன்றத்தில் ஆறு குற்றங்களை ஒப்புக்கொண்டார். அதில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற அமைப்புகளுக்குச் சேர வேண்டிய வட்டியில் ஒரு பகுதியைக் கவுண்டியின் கணக்குக்குத் திருப்பிவிட்டிருந்தார். வருமானம் அளவுக்கு மீறித் தெரிந்தால், இது எப்படி வருகிறது என்று யாராவது கேட்பார்களே என்ற பயமும் அதற்கு ஒரு காரணம் என்று விசாரணையில் பேசப்பட்டது. லாபத்தை மறைக்க வேண்டியிருக்கிற அளவுக்கு லாபம்! ஓராண்டுச் சிறையும் ஒரு லட்சம் டாலர் அபராதமும் விதித்தார்கள். பகலில் சிறை அங்காடியில் எழுத்தர் வேலை, இரவில் வீடு என்று அந்தத் தண்டனையைக் கழித்தார். 2013-இல் இறந்தார்.

பணம் போட்டிருந்தவர்களுக்கு முதல் கட்டத்தில் டாலருக்கு 77 சென்ட் கிடைத்தது, பள்ளிகளுக்கு 90 சென்ட். மீதியை ஈடுகட்ட விற்பனை வரியில் அரை சதவீதம் கூட்டலாமா என்று 1995 ஜூனில் மக்களிடமே கேட்டார்கள். ஆரஞ்சு கவுண்டி வாக்காளர்கள் மாட்டோம் என்றார்கள். வேலைகள் போயின, ஏழைகளுக்கான சேவைகள் குறைந்தன. புதிதாகக் கடன் பத்திரம் வெளியிட்டு, அடுத்த ஆண்டு ஜூனில் கவுண்டி திவாலிலிருந்து வெளியே வந்தது. மெரில் லிஞ்ச் தவறை ஒப்புக்கொள்ளாமலே 1998-இல் 40 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

இத்தனைக்கும் அடுத்தவர் பணத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது பற்றிய சட்டம் புதிதல்ல. இரண்டு பழைய மரபுகள் உண்டு. ஒன்று இங்கிலாந்துடையது. 1720-இல் தென்கடல் கம்பெனியின் பங்குகள் சரிந்து பலரைத் தெருவில் விட்ட பிறகு, அறங்காவலர்கள் அரசாங்கப் பத்திரத்தில் போட்டால்தான் நிம்மதி என்ற நிலைக்கு நீதிமன்றங்கள் வந்தன. எதையெல்லாம் வாங்கலாம் என்று ஒரு பட்டியல். பட்டியலில் இல்லாததை வாங்கினால் பொறுப்பு உன்னுடையது. 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அந்தப் பட்டியல் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இன்னொன்று பாஸ்டனில் பிறந்தது. ஜான் மெக்லீன் என்ற வணிகர் 1823-இல் இறந்தபோது, 50,000 டாலரை மனைவியின் ஆயுள்வரை அவருக்கு வருமானம் தரும்படியும், பிறகு ஹார்வர்டு கல்லூரிக்கும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கும் சேரும்படியும் எழுதிவைத்தார். அறங்காவலர்கள் அதை ஆலைகள், காப்பீட்டு நிறுவனங்களின் பங்குகளில் போட்டார்கள். மதிப்பு சரிந்தது. கல்லூரியும் மருத்துவமனையும் வழக்குப் போட்டன. 1830-இல் நீதிபதி சாமுவேல் புட்னம் அறங்காவலர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். எதில் போட்டாலும் அசலுக்கு ஆபத்து உண்டு. விவரமுள்ள ஒருவர் தன் சொந்த விவகாரத்தில் எவ்வளவு நிதானமாக நடப்பாரோ அந்த நிதானத்தோடு நடந்தாரா என்பதைத்தான் பார்க்க முடியும் என்பது அவர் வாதத்தின் சாரம். அமெரிக்கச் சட்டத்தில் 'விவேகமுள்ள மனிதர்' என்று ஒரு கற்பனைப் பாத்திரம் அங்கிருந்து நடமாடத் தொடங்கியது.

கலிபோர்னியாவிடம் 1994-இல் பட்டியல் இருந்தது, விவேகம் பற்றிய பேச்சும் இருந்தது. இரண்டுமே ஆபத்தைக் கண்டுபிடிக்கவில்லை. பட்டியலை வைத்துப் பார்த்தால் சிட்ரன் வாங்கியவற்றில் பெரும்பாலானவை மிகத் தரமான பத்திரங்கள். விவேகத்தை வைத்துப் பார்த்தால், இருபது வருஷமாக எல்லோரையும்விடக் கூடுதலாகச் சம்பாதித்துக் கொடுத்தவரை விவேகம் இல்லாதவர் என்று யார் சொல்வது? என்ன வாங்கினாய் என்று மட்டும் கேட்டுப் பழகிய சட்டம், யார் பணத்தில் வாங்கினாய், எவ்வளவு காலத்துக்கு வாங்கினாய், நடுவில் பணம் கேட்டால் என்ன செய்வாய் என்று கேட்கத் தெரியாமல் நின்றது.

1995-இல் வந்த சட்டத் திருத்தங்களை இந்த வெளிச்சத்தில் படித்தால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு சம்பவம் தெரியும். ஈடுவைத்துக் கடன் வாங்குவது தொகுப்பில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது: இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறிய கதைக்குப் பதில் அது. கையில் 30 நாளாவது இருந்த பத்திரத்தைத்தான் ஈடுவைக்கலாம்: வாங்கிய கையோடு அடகுக்குக் கொண்டுபோகிற பழக்கத்துக்குத் தடை. தலைகீழ் வட்டிப் பத்திரம் அறவே கூடாது. கவுண்டியின் முதலீட்டுக் கொள்கை ஆண்டுதோறும் எழுத்தில் இருக்க வேண்டும். கையிலிருப்பது என்ன, இன்றைய சந்தை மதிப்பு என்ன என்று காலாண்டுக்கு ஒரு அறிக்கை வாரியத்துக்குப் போக வேண்டும். மேற்பார்வைக்கு ஒரு குழு வேண்டும். பொருளாளரின் தேர்தல் செலவுக்கு நன்கொடை கொடுத்த தரகரிடம் வியாபாரம் வைக்கவும் கட்டுப்பாடு வந்தது. பொருளாளரின் கல்வித் தகுதி, தொடர் பயிற்சி பற்றியும் விதிகள் சேர்ந்தன. பட்டம் முடிக்காத அந்த மனிதரை மனத்தில் வைத்துக்கொண்டுதான் யாரோ அதை எழுதியிருக்க வேண்டும்.

இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது காலாண்டு அறிக்கைதான். மற்ற விதிகள் இன்னொரு சிட்ரனைத் தடுக்கும். அடுத்து வருகிறவர் வேறு வழி கண்டுபிடிப்பார். சந்தை மதிப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேசைமேல் வைக்கச் சொல்வதோ, நல்ல காலத்திலேயே கேள்வி கேட்க வைக்கிறது. ஆனால் 2004-இல் மாநிலம் இந்த அறிக்கையையும் மேற்பார்வைக் குழுவையும் கட்டாயத்திலிருந்து விலக்கி, விருப்பப்பட்டால் செய்துகொள்ளலாம் என்று ஆக்கியது. மாநிலம் கட்டாயப்படுத்தும் வேலைக்கான செலவை உள்ளாட்சிக்கு மாநிலமே திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே விதி. பட்ஜெட்டில் இடிக்கிற நேரம் அது. 164 கோடி டாலர் கொடுத்துக் கற்ற விதி, அறிக்கை தயாரிக்கும் செலவுக்குக் கணக்குப் பார்த்ததில் பாதி கரைந்தது. பல கவுண்டிகள் தாமாகவே அதைத் தொடர்கின்றன என்பது வேறு விஷயம்.

ஆரஞ்சு கவுண்டி திவாலான அதே 1994 டிசம்பரில் டெல்லியிலும் ஒரு சுற்றறிக்கை தயாரானது. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. நம் கதை 1992-இன் பங்குச்சந்தை ஊழலிலிருந்து வருகிறது. பொதுத்துறை நிறுவனங்கள் கடன் பத்திரம் வெளியிட்டுத் திரட்டிய பணமும் உபரிப் பணமும் வங்கிகளின் முதலீட்டுத் திட்டங்கள் வழியாகத் தரகர்கள் கைக்குப் போயின. மாருதி நிறுவனத்தின் பணம் தரகர் ஹர்ஷத் மேத்தாவுக்குப் போய்ச் சேர்ந்தது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை நடந்தது. பொதுத்துறை நிறுவனங்களின் உபரிப் பணத்தை முதலீடு செய்வது பற்றிய வழிகாட்டு விதிகள் இதன் பிறகுதான், அந்தச் சுற்றறிக்கையில் வந்தன: ஊக வியாபாரம் கூடாது, பாதுகாப்பே முதன்மை, குறுகிய காலத்துக்கே போட வேண்டும், இயக்குநர் குழுவுக்குத் தெரிந்து நடக்க வேண்டும். இங்கே கடன் மேல் கடன் இல்லை, தலைகீழ்ப் பத்திரம் இல்லை, தவறு வேறு. இருந்தும் எழுதி முடித்த விதிகள் ஒரே சாயலில் இருந்தன.

பிரிட்டன் இதே வரிசையைத் தன் உள்ளாட்சிகளுக்கு 2004-இல் எழுதிக் கொடுத்தது: பாதுகாப்பு, உடனடிக் கைவசம், பிறகு வருமானம். அங்கே யாரும் கடன் வாங்கிப் பத்திரம் வாங்கவில்லை. பெரும்பாலோர் விதியை மதித்து, நல்ல தர மதிப்பீடு உள்ள வங்கிகளில் சாதாரண வைப்பாகத்தான் போட்டார்கள். ஐஸ்லாந்து வங்கிகளுக்கு மதிப்பீடு நன்றாக இருந்தது, வட்டியும் கொஞ்சம் கூடுதல். 2008 அக்டோபரில் அந்த வங்கிகள் ஒரு வாரத்துக்குள் கவிழ்ந்தபோது, இங்கிலாந்தின் 127 உள்ளாட்சி அமைப்புகளின் பணம், ஏறக்குறைய 95 கோடி பவுண்டு, உள்ளே மாட்டிக்கொண்டது. கென்ட் கவுண்டி ஒன்றுக்கே சுமார் 5 கோடி. உள்ளாட்சிகளின் கணக்கை அன்று தணிக்கை செய்துவந்த தேசிய அமைப்பான ஆடிட் கமிஷன் இதை விசாரித்து, மதிப்பீடு இறங்கிய பிறகும் பணம் போட்ட ஏழு அமைப்புகளைக் கவனக்குறைவு என்று பெயர் சொல்லிக் கண்டித்தது. அந்த ஆடிட் கமிஷனின் சொந்தப் பணமும் ஒரு கோடி பவுண்டு அதே ஐஸ்லாந்துக் குழும வங்கிகளில் கிடந்தது. மாட்டிய பணத்தின் பெரும்பகுதி பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது. 2010-இல் வழிகாட்டு விதிகளைத் திருத்தினார்கள்; தர மதிப்பீட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள் என்று அதில் ஒரு விஷயம் புதிதாகச் சேர்ந்தது.